ரீயூனியன் எரிமலையில் நடக்கப் போகிறீர்களா? கடற்கரையிலிருந்து தொடங்குங்கள்

ரீயூனியன் தீவுக்கு வருகிற பெரும்பாலானோர் வந்த மறுநாளே மலைக்குப் போய்விடுகிறார்கள். விடியுமுன் காரை எடுத்து, 2,311 மீட்டர் உயரத்தில் இருக்கும் பா த பெல்கோம்ப் என்ற இடத்தில் நிறுத்தி, எரிமலை உச்சிக்கு நடந்து, குழியை எட்டிப் பார்த்துப் படம் எடுத்துக்கொண்டு, மதியத்துக்குள் விடுதிக்குத் திரும்பிவிடுகிறார்கள். என்ன பார்த்தீர்கள் என்று கேட்டால் "பெரிய பள்ளம்" என்பார்கள். தப்பில்லை, பள்ளம்தான். ஆனால் அந்தப் பள்ளம் ஏன் வந்தது என்பதற்கான பாதி விடை 2,000 மீட்டருக்கும் கீழே, கடலோரச் சாலையில் கிடக்கிறது. அதனால்தான் புதிதாக வருபவர்களிடம் நான் ஒழுங்கை மாற்றச் சொல்வேன். முதல் நாள் கடற்கரை, இரண்டாம் நாள் பீடபூமி, மூன்றாம் நாள் உச்சி. மூன்று நாள் இல்லாதவர்கள் இரண்டு நாளாகச் சுருக்கலாம். வரிசையை மட்டும் மாற்றவேண்டாம்.

போகுமுன் தெரிந்துகொள்ள வேண்டியவை

ரீயூனியன் மடகாஸ்கருக்குக் கிழக்கே, மொரீஷியஸுக்குத் தென்மேற்கே இந்தியப் பெருங்கடலில் இருக்கும் பிரெஞ்சு மாவட்டம். செலவு யூரோவில், பேச்சு பிரெஞ்சிலும் கிரியோலிலும். தீவு முழுவதும் இரண்டு எரிமலைகளால் ஆனது. வடமேற்கே நிற்கும் பித்தோன் தே நேழ் 3,070 மீட்டர் உயரம். அது அடங்கிப் பல ஆயிரம் ஆண்டுகள் ஆகின்றன. தென்கிழக்கில் இருப்பது பித்தோன் த லா ஃபூர்னேஸ், 2,632 மீட்டர். நம் தொட்டபெட்டா 2,637 மீட்டர். உயரம் ஏறக்குறைய ஒன்றுதான், குளிரும் அப்படித்தான் இருக்கும். உலகில் அடிக்கடி பொங்கும் எரிமலைகளில் இதுவும் ஒன்று. சில ஆண்டுகளில் நாலைந்து முறைகூட லாவா வெளியே வரும், பிறகு நீண்ட காலம் சும்மா இருக்கும். ஊர்க்காரர்கள் முழுப் பெயரைச் சொல்வதில்லை. "வோல்கான்" என்றாலே இதுதான்.

இந்தியர்களுக்கு இந்த மலையோடு ஒரு பழைய உறவு உண்டு. சுமார் 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் தக்காணத்தில் லாவா அடுக்குகளைக் கொட்டிய அதே வெப்ப ஊற்றுதான் (வெந்நீர் ஊற்று இல்லை, பூமியின் ஆழத்திலிருந்து உருகிய பாறை மேலேறும் இடம்) இப்போது ரீயூனியனுக்கு அடியில் இருக்கிறது. இந்திய நிலத்தட்டு வடக்கே நகர நகர, அந்த ஊற்று வழி நெடுக லட்சத்தீவு, மாலத்தீவு முகடுகளை விட்டுவிட்டு, பின்னால் மொரீஷியஸையும் கடைசியாக ரீயூனியனையும் எழுப்பியது. மகாபலேசுவரத்தில் படிப்படியாகத் தெரியும் கரும்பாறைகளைப் பார்த்தவர்களுக்கு இங்கே கல்லின் நிறம் புதிதாகத் தோன்றாது.

மே முதல் நவம்பர் வரை வறண்ட பருவம். நடப்பதற்கு அதுதான் நல்லது. ஜூலை, ஆகஸ்டில் மேலே அதிகாலை வெப்பம் பூஜ்யத்தைத் தொடும். டிசம்பர் முதல் மார்ச் வரை புயல் காலம். எரிமலைக்குப் போகும் வழியிலிருக்கும் கொம்மேர்சோன் பள்ளத்தில் 2007 பிப்ரவரியில் கமேத் புயலின்போது மூன்றே நாளில் 3,930 மில்லிமீட்டர் மழை பெய்தது. உலகச் சாதனை அது. சென்னையில் ஒரு வருடம் முழுக்கப் பெய்வதே சராசரியாக 1,400 மில்லிமீட்டர் அளவுதான். அந்த மாதங்களில் மலிவாக டிக்கெட் கிடைக்கிறதே என்று கிளம்பினால் விடுதி ஜன்னல் வழியாகத்தான் எரிமலையைப் பார்க்க வேண்டியிருக்கும்.

மொரீஷியஸிலிருந்து விமானத்தில் ஒரு மணி நேரத்துக்கும் குறைவு. விசா விஷயத்தில் ஒன்று: ரீயூனியன் பிரான்சின் பகுதியே ஆனாலும் ஷெங்கன் எல்லைக்குள் இல்லை. ஐரோப்பாவுக்கான விசா கையில் இருக்கிறதே என்று கிளம்பிவிடாமல் பிரெஞ்சுத் தூதரகத்தின் விதியைப் பார்த்துக்கொள்ளுங்கள். தீவில் பேருந்து உண்டு, ஆனால் பா த பெல்கோம்ப் வரை போகாது. விடியற்காலையில் மேலே இருக்கவேண்டும் என்றால் வாடகைக் காரைத் தவிர வேறு வழியில்லை. வண்டி வலப்பக்கம் ஓட்டவேண்டும். மலைச்சாலையில் மூடுபனிக்குள் முதல் முறையாக வலப்பக்கம் ஓட்டிப் பழகாதீர்கள். அதற்கும் சேர்த்துத்தான் முதல் நாளைக் கடலோரத்தில் கழிக்கச் சொல்கிறேன்.

காலுக்கும் பைக்கும்

லாவாவில் நடப்பது மண்பாதையில் நடப்பது மாதிரி இல்லை. கல்லின் மேல்தோல் கண்ணாடி கலந்தது. விழுந்தால் சிராய்ப்போடு நிற்காது, வெட்டும். கணுக்காலைப் பிடித்துக்கொள்ளும் உயரமான, அடிப்பாகம் தடித்த ஷூ வேண்டும். புது ஷூவை இங்கே வந்து பழக்காதீர்கள். முழங்கால் மறையும் பேன்ட் போடுங்கள். தோட்ட வேலைக்குப் போடும் சாதாரணக் கையுறை ஒரு ஜோடி வைத்துக்கொண்டால் கரடுமுரடான இடத்தில் தயங்காமல் கை ஊன்றலாம். யாரும் சொல்லித்தராத சாமான் இது, நிறைய உதவும்.

உச்சியைச் சுற்றியிருக்கும் பெரிய எரிமலைப் பள்ளத்துக்குள் ஊற்று இல்லை, ஓடை இல்லை, நிழல் இல்லை. எவ்வளவு மழை பெய்தாலும் துளையுள்ள கல் அத்தனையையும் குடித்துவிடும். ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீர் குறைந்தபட்சம், மூன்று என்றால் நிம்மதி. காற்றையும் மழையையும் தடுக்கும் ஜாக்கெட், உள்ளே போட ஒரு ஸ்வெட்டர், தொப்பி, சன் ஸ்கிரீன், தலையில் மாட்டும் விளக்கு, விசில். காலை ஏழு மணிக்குக் குளிரில் நடுங்கியவர் பதினோரு மணிக்கு முகம் சிவந்து வெந்துபோவார். இரண்டுக்கும் தயாராக இருக்கவேண்டும். பருத்திச் சட்டை நனைந்தால் காயாது, உடம்போடு ஒட்டிக் குளிரவைக்கும். ஆஸ்துமா உள்ளவர்கள் மருந்தைக் காரில் விட்டுவிட்டுப் போகக்கூடாது. அவசர எண் 112.

தின்பதற்குக் கவலையில்லை. வழியெங்கும் சின்னக் கடைகளில் சமோசாவும் போன்போன் பிமான் என்ற காரமான பருப்பு வடையும் சூடாகக் கிடைக்கும். 19ஆம் நூற்றாண்டில் கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாகப் போன தமிழர்களின் வழித்தோன்றல்கள் இங்கே ஏராளம். மல்பார் என்று அழைப்பார்கள். கிழக்குக் கரையில் கரும்பு வயலோரமாகக் கோயில்கள் தென்படும். கடைக்காரரின் பெயர்ப்பலகையைப் பார்த்துத் தமிழில் பேச்சுக் கொடுக்காதீர்கள், பெரும்பாலோர் கிரியோல்தான் பேசுவார்கள். ஒரு "போன்ழூர்" சொன்னால் வேலை நடக்கும்.

முதல் நாள்: ஆண்டு எழுதிய கற்கள்

தெற்கே சேன் பியேரிலிருந்து கிழக்கு நோக்கி என்2 நெடுஞ்சாலையில் கிளம்புங்கள். சேன் ஃபிலீப் ஊரை நெருங்கும்போது காப் மெஷான் வரும். கருங்கல் மாதிரித் தெரிந்தாலும் நம்மூர்க் கோயில் தூண்களின் கருங்கல் இனம் அல்ல இது. பூமிக்கு வெளியே வந்து சட்டென்று உறைந்த பசால்ட். அலை அறைந்து அறைந்து செங்குத்தாக வெட்டிய கரும்பாறைச் சுவர்; விளிம்பில் தாழை இனத்தைச் சேர்ந்த வாக்குவா மரங்கள். பார்க்கலாம், ஆனால் ஓரத்துக்குப் போகாதீர்கள். இங்கே குளிக்கும் கரை கிடையாது.

சேன் ஃபிலீப்பைத் தாண்டியதும் புவாந்த் த லா தாப்ள். காரை நிறுத்திவிட்டு ஒரு மணி நேரம் நடக்கலாம், ஏற்றம் இல்லை. 1986 மார்ச்சில் எரிமலையின் வழக்கமான பள்ளத்துக்கு வெளியே, குடியிருப்புகளுக்கு மேலே பிளந்து வந்த லாவா இங்கே கடலில் இறங்கித் தீவுக்குச் சுமார் 25 ஹெக்டேர் நிலத்தைச் சேர்த்தது. நீங்கள் நடக்கும் தரைக்கு உங்களைவிட வயது குறைவாக இருக்கலாம்.

இங்கே இரண்டு வகைக் கல்லைப் பழகிக்கொள்ளுங்கள், மூன்றாம் நாள் உதவும். ஒன்று வழவழப்பானது. ஓடும்போது மேல்தோல் உறைய, உள்ளே இன்னும் திரவமாக இருந்த லாவா அதைத் தள்ள, தோல் மடிந்து வரிவரியாகக் கயிறு திரித்ததுபோல நிற்கும். பாஹோயியோ என்று ஹவாய்ப் பெயர். அந்த வரிகள் வில்லாக வளைந்திருக்கும். வில்லின் புடைப்பு எந்தப் பக்கமோ அந்தப் பக்கம்தான் லாவா ஓடியிருக்கிறது. ஒரு திட்டில் நின்று நாலைந்து வில்களைப் பார்த்தாலே ஓட்டம் எங்கே பிரிந்தது, எங்கே தேங்கியது என்று சொல்லிவிடலாம். மற்றொன்று ஆஆ, இங்கே கிராத்தோன் என்பார்கள். உடைந்த கட்டிகள் குவியலாக, முள்ளு முள்ளாகக் கிடக்கும். கால் வைத்தால் உருளும். முதல் வகைமேல் நடக்கலாம், இரண்டாவது வகை வந்தால் பாதையை விட்டு ஒரு அடிகூட விலகாதீர்கள். முதல் வகையிலும் ஒரு பொறி உண்டு: சில இடங்களில் உள்ளே லாவா வடிந்துபோய் மேலே ஓடு மட்டும் நிற்கும். காலடியில் வெற்றுப் பானைச் சத்தம் கேட்டால் பின்வாங்கிவிடுங்கள்.

அடுத்து லு த்ராம்ப்லே, 2007 லாவா. இங்கே அவசரப்படவேண்டாம். 2007 ஏப்ரல் 2ஆம் தேதி, உச்சியிலிருந்து வெகு தொலைவில், கடல் மட்டத்துக்கு 590 மீட்டர் மேலே தரை பிளந்தது. அவ்வளவு தாழ்வான இடத்தில் வாய் திறந்ததால் மலைக்குள் இருந்த மாக்மா, அதாவது வெளியே வருமுன் இருக்கும் உருகிய பாறை, அடிக்குழாய் திறந்துவிட்ட தொட்டி மாதிரி கொட்டித் தீர்த்தது. சில மணி நேரத்தில் சாலை மறைந்தது, லாவா கடலுக்குள் போனது. பத்துக்கணக்கான மீட்டர் தடிமனில் குவிந்த அந்தக் கல்மேல் பிற்பாடு புதிதாகச் சாலை போட்டார்கள். பல ஆண்டுகள் கழித்தும் மழை பெய்தால் அதிலிருந்து ஆவி எழுந்தது.

இங்கே ஒரு கல்லருகே உட்கார்ந்து, வெயில் படும்படி உற்றுப் பாருங்கள். கறுப்புக்குள் ஒன்றிரண்டு மில்லிமீட்டர் அளவில் பச்சைப் பொட்டுகள் மின்னும். ஒலிவின் என்ற கனிமத்தின் படிகங்கள். 2007இல் மலைக்கடியில் மாக்மா தேங்கியிருந்த அறை அவ்வளவு வேகமாகக் காலியானபோது அடியில் படிந்துகிடந்த படிகங்களையும் லாவா வாரிக்கொண்டு வந்துவிட்டது. அந்த ஆண்டு புதிதாக உண்டான த்ராம்ப்லே கரையின் கறுப்பு மணலை உள்ளங்கையில் பரப்பினால் பச்சை மணிகள் தனியே தெரியும். பார்த்துவிட்டுக் கொட்டிவிடுங்கள். தேசியப் பூங்காவின் எல்லைக்குள் கல் எடுப்பதற்குத் தடை உண்டு. எல்லை எங்கே என்று தேடிக்கொண்டிருப்பதைவிட எங்குமே எடுக்காமல் இருப்பது சுலபம்.

இதற்கு வடக்கே கிராண் ப்ருலே. எரிமலைப் பள்ளம் கடலைப் பார்த்துத் திறந்திருக்கும் சரிவு இது. சாலை ஒவ்வொரு லாவா ஓட்டத்தையும் குறுக்கே கடக்கிறது. ஓரத்தில் பலகை நட்டு எந்த ஆண்டு ஓடியது என்று எழுதியிருக்கிறார்கள். பாடப் புத்தகம் மாதிரி இதைப் பயன்படுத்தலாம். ஒவ்வொரு பலகை அருகிலும் இறங்கி, கல்லில் என்ன முளைத்திருக்கிறது என்று மட்டும் பாருங்கள். முதலில் வருவது சாம்பல் வெள்ளை நிறத்தில், விரல்நுனி உயரத்துக்குக் கிளைவிட்ட ஒரு லைக்கன். நம் செட்டிநாட்டு மசாலாவில் போடுகிற கல்பாசியும் லைக்கன் வகைதான், ஆனால் இதைச் சமையலுக்கு எடுக்க முடியாது. அது படர்ந்த ஓட்டத்தைத் தூரத்திலிருந்து பார்த்தால் வெள்ளி பூசியதுபோல் இருக்கும். அடுத்து விரிசல்களில் பெரணி. இன்னும் பழைய ஓட்டமென்றால் புதர், அப்புறம் மரம். ஈரமும் வெப்பமும் உள்ள கீழ்ச்சரிவில் இது வேகமாக நடக்கிறது. மேலே குளிர், அங்கே இருநூறு ஆண்டுப் பழைய கல்கூட மொட்டையாக நிற்கலாம். ஆகவே இந்தக் கணக்கை அப்படியே மேலே கொண்டுபோய்ப் போடக்கூடாது. நனைந்த லைக்கன்மேல் கால் வைத்தால் வழுக்கும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

கிராண் ப்ருலேயில் லாவாக் குகைகளும் உண்டு. 2004இல் ஓடிய லாவாவின் மேல்பகுதி உறைந்து கூரையாக, உள்ளே ஓடியது வடிந்துபோய்க் குழாய் மிஞ்சியது. வழிகாட்டி ஹெல்மெட், முழங்கால் கவசம், விளக்கு எல்லாம் தந்து கூட்டிப்போவார்; முன்பதிவு வேண்டும். தனியாக நுழையவே நுழையாதீர்கள். உள்ளே பக்கச் சுவரில் திண்ணை மாதிரி வரிகள் தெரியும்: லாவாவின் மட்டம் எங்கெங்கே கொஞ்ச நேரம் நின்றது என்பதற்கான அடையாளம். கூரையில் சொட்டு சொட்டாகத் தொங்குவது சுண்ணாம்பு இல்லை, வெப்பக் காற்றில் கூரையே மறுபடி உருகிச் சொட்டியது. இடுக்கமான இடத்தில் மூச்சு முட்டுவதாக உணர்பவர்கள் முன்கூட்டியே வழிகாட்டியிடம் சொல்லிவிட்டால் சுலபமான குகைக்குக் கூட்டிப்போவார்.

நாளை முடிக்க பித்தோன் சாந்த் ரோஸ் தேவாலயம். 1977 ஏப்ரலில் லாவா ஊருக்குள் புகுந்து வீடுகளை எரித்து, தேவாலயத்தை வளைத்து, முன்வாசலில் கொஞ்சம் நுழைந்து நின்றது. இப்போது அதன் பெயரே நோத்ர் தாம் தே லாவ். பக்திக்காரர்கள் ஒன்று சொல்வார்கள், புவியியலாளர்கள் வேறொன்று சொல்வார்கள். சுவரை ஒட்டி நிற்கும் கல்லின் மடிப்புகளைத் தொட்டுப் பாருங்கள், காலையில் புவாந்த் த லா தாப்ளில் பார்த்த கயிறுகள்தான். அந்த வெடிப்புக்குப் பிறகுதான் எரிமலையைக் கண்காணிக்க நிரந்தர ஆய்வகம் அமைத்தார்கள்.

இரண்டாம் நாள்: மேலே குடியேறுங்கள்

பூர் மியூரா சுமார் 1,600 மீட்டர் உயரத்தில் மாடுகள் மேயும் புல்வெளிக்கு நடுவே இருக்கும் ஊர். அந்த ஆய்வகமும் சித்தே த்யு வோல்கான் அருங்காட்சியகமும் இங்கேதான். அருங்காட்சியகத்துக்கு இரண்டு மணி நேரம் ஒதுக்குங்கள். இரவு இங்கேயோ, பா த பெல்கோம்ப் அருகிலிருக்கும் மலைவிடுதியிலோ தங்கினால் மறுநாள் ஒன்றரை மணி நேரத் தூக்கம் மிச்சம். மலைவிடுதி சீக்கிரம் நிரம்பிவிடும்.

மாலையில் வெளிச்சம் இருந்தால் எரிமலைச் சாலையில் கொஞ்ச தூரம் போய்ப் பாருங்கள். நே த பஃப் முனையிலிருந்து ரிவியேர் தே ராம்பார் பள்ளத்தாக்கு தெரியும். மேகம் வந்துவிட்டால் வெள்ளைத் துணிதான். இன்னும் மேலே கொம்மேர்சோன் பள்ளம், 200 மீட்டருக்கு மேல் ஆழமுள்ள செங்குத்துக் கிணறு, மழைச் சாதனைக்குரிய அதே இடம். அப்புறம் சாலை சட்டென்று இறங்கி பிளேன் தே சாப்ள் என்ற செம்பழுப்புச் சாம்பல் வெளிக்குள் போகும். அங்கே வண்டி மெதுவாகத்தான் போகும். வழியை விட்டுச் சாம்பலில் டயர் இறக்காதீர்கள், தடம் பல ஆண்டுகள் அழியாது.

படுக்குமுன் ஒரு வேலை. எரிமலையின் அன்றைய நிலையைப் பார்க்கவேண்டும். மாவட்ட நிர்வாகம் அறிவிக்கும்: "விஜிலான்ஸ்" என்றால் மலை சற்று அமைதி இழந்திருக்கிறது, "அலெர்த் 1" என்றால் எந்த நேரமும் பொங்கலாம், "அலெர்த் 2" என்றால் பொங்கிக்கொண்டிருக்கிறது. அலெர்த் 1 வந்ததுமே பா த பெல்கோம்பில் பள்ளத்துக்குள் இறங்கும் கதவைப் பூட்டிவிடுவார்கள். கதவில் "ஃபெர்மே" என்று எழுதியிருந்தால் மூடியிருக்கிறது என்று பொருள். வேலியைத் தாண்டிப் போகிறவர்களைப் பார்ப்பீர்கள். அபராதம் கிடக்கட்டும்; பிளவு எந்த இடத்தில் திறக்கும் என்று யாராலும் முன்கூட்டிச் சொல்ல முடியாது, நீங்கள் நிற்கிற பாதையிலேயே திறக்கலாம்.

மூன்றாம் நாள்: பள்ளத்துக்குள்

விடியும்போது கதவருகே இருங்கள். காரணம் அழகு இல்லை, மேகம். கடலிலிருந்து ஏறிவரும் மேகம் பெரும்பாலும் பத்து, பதினோரு மணிக்குள் உச்சியை மூடிவிடும். எட்டு மணிக்குக் கிளம்பியவர் வெறும் வெள்ளையைப் பார்த்துவிட்டுத் திரும்புவதுதான் வழக்கம்.

பா த பெல்கோம்பின் இப்போதைய முழுப்பெயரில் ஜாகோப் என்றும் சேர்ந்திருக்கிறது. 1768இல் ஆளுநர் பெல்கோம்பின் குழு இந்தச் செங்குத்து விளிம்பில் வந்து திகைத்து நின்றபோது கீழே இறங்கும் வழியைக் கண்டுபிடித்தவர் ஜாகோப் என்ற அடிமை. பெயர் மட்டும் நெடுங்காலம் ஆளுநருக்குப் போனது. இன்று அங்கே 500க்கு மேற்பட்ட படிகள் இருக்கின்றன. இறங்கும்போது சிரிப்பாக இருக்கும். திரும்பி வரும்போது கடைசியில் ஏறவேண்டியதும் இதேதான், அதற்குக் கொஞ்சம் தெம்பும் அரை லிட்டர் தண்ணீரும் மிச்சம் வையுங்கள்.

கீழே இறங்கியதும் நீங்கள் இருப்பது ஆங்க்லோ ஃபூக்கே. சுமார் 8 கிலோமீட்டர் அகலத்தில், குதிரை லாட வடிவில், கிழக்கே கடலைப் பார்த்துத் திறந்த பள்ளம். சுமார் 5,000 ஆண்டுகளுக்கு முன் மலை உள்வாங்கிச் சரிந்ததில் உண்டானது. முந்தாநாள் நீங்கள் கடந்த கிராண் ப்ருலே இதன் மறுமுனை.

பாதை என்று ஒன்று கண்ணுக்குத் தெரியாது. கல்லில் சில மீட்டருக்கு ஒன்றாக வெள்ளைப் பெயின்ட் அடித்திருப்பார்கள், அதைப் பிடித்துக்கொண்டு நடப்பதுதான் பாதை. மூடுபனி இறங்கினால் எல்லாத் திசையும் ஒரே மாதிரி ஆகிவிடும். அப்போது விதி ஒன்றே: அடுத்த வெள்ளைக் குறி தெரியும் வரை இப்போதைய குறியை விட்டு நகராதீர்கள். கூட வந்தவர்களில் ஒருவர் குறியருகே நிற்க, மற்றவர் பேச்சுக் குரல் கேட்கும் தூரத்துக்குள் அடுத்ததைத் தேடலாம்.

அரை மணி நேரத்தில் ஃபோர்மிக்கா லியோ. செந்நிறக் கூம்பு, இரண்டு சின்ன வாய். 1753இல் பொங்கியதில் உண்டானது. குழியானைப் பூச்சி மணலில் பறிக்கும் குழி போலவே இருப்பதால் 1801இல் இங்கே வந்த பிரெஞ்சு இயற்கையியலாளர் போரி த சேன் வேன்சான் அந்தப் பூச்சியின் பெயரையே வைத்தார். சிவப்பு ஏன் என்றால் துளைத்துளையான கல்லில் இருக்கும் இரும்பு, சூட்டோடு காற்றையும் நீராவியையும் சந்தித்துத் துருவேறியது. விளிம்புவரை ஏறி ஒரு சுற்று வரலாம். குழந்தைகளோடு வந்தவர்கள், முழங்கால் வலி உள்ளவர்கள் இதோடு திரும்பினாலும் குறை ஒன்றும் இல்லை. என்னைக் கேட்டால் உச்சியைவிட இந்த முதல் ஒரு மணி நேரத்தில்தான் கல் அதிகம் பேசும். பாதையோரம் கயிற்று லாவா பாய் பாயாக விரிந்துகிடக்கிறது. புடைப்புகளைப் பார்த்து ஓட்டத்தின் திசையைச் சொல்லுங்கள், பலகை இல்லாமலே இப்போது முடியும்.

அடுத்த அரை மணி நேரத்தில் ஷப்பேல் த ரோஸ்மோன். உள்ளே கூடாக, குனிந்து நுழையும் அளவு வாசலோடு லாவா எழுப்பிய மண்டபம். கீழேயிருந்து அழுத்தத்தோடு கக்கிய லாவாத் துணுக்குகள் ஒன்றன்மேல் ஒன்று ஒட்டி எழுந்தது. உள்சுவரில் சொட்டிய தடங்கள் தெரியும். இதற்குப் பிறகுதான் ஏற்றம். உச்சிக்கு இங்கிருந்து ஒன்றரை முதல் இரண்டு மணி நேரம். மேகம் இதற்குள் பாதி மலையை மூடியிருந்தால் இங்கேயே திரும்பிவிடுங்கள். போய்வர மொத்தம் ஐந்தாறு மணி நேரம் ஆகும் நடை இது, பாதியில் விடுவதில் வெட்கம் எதுவும் இல்லை.

ஏற்றத்தில் இடது, வலது என்று கிளைப்பாதைகள் பிரிவதுபோல் தோன்றும் இடங்களில் பெயின்ட் இல்லாத எதையும் நம்பவேண்டாம். பழைய வரைபடங்களில் உச்சிப் பள்ளத்தைச் சுற்றிவரும் பாதை இருக்கும். விளிம்பு உறுதியில்லை என்று அதை மூடிவிட்டார்கள்.

மேலே, தொலோமியூ பள்ளத்தின் பார்வை மேடை. கிட்டத்தட்ட ஒரு கிலோமீட்டர் அகலம், 300 மீட்டருக்கு மேல் ஆழம். 2007 மார்ச் மாதம் வரை இங்கே இந்த ஆழம் கிடையாது. மேட்டிலிருந்து எட்டிப் பார்த்தால் அருகிலேயே தரை தெரிந்தது. ஏப்ரலில் கீழே 590 மீட்டர் உயரத்தில் பிளவு திறந்து மாக்மா வடியத் தொடங்கியபோது, மேலிருந்த கூரைக்குத் தாங்கல் போய்விட்டது. ஏப்ரல் 5ஆம் தேதி தொடங்கி, அடுத்த சில நாளில் பள்ளத்தின் தரை படிப்படியாக உள்ளே அமிழ்ந்தது. த்ராம்ப்லேயில் நீங்கள் உட்கார்ந்து பச்சைப் பொட்டு தேடிய கல் அத்தனையும் இதற்கு அடியிலிருந்து போனது. கடற்கரையை முதலில் பார்க்கச் சொன்னது இதற்காகத்தான்.

கயிற்றுக்கு அப்பால் போகாதீர்கள். அமைதியாகக் கொஞ்ச நேரம் நின்றால் எதிர்ச்சுவரில் கல் உருளும் சத்தம் அவ்வப்போது கேட்கும், தூசி பிற்பாடுதான் தெரியும். நிற்கிற தரையில் விளிம்புக்கு இணையாக ஓடும் விரிசல்களைக் கவனித்தால் கயிறு ஏன் அவ்வளவு உள்ளே தள்ளிக் கட்டியிருக்கிறது என்று புரியும்.

திரும்பும்போது வெயில் தலைக்கு மேலே, முழங்கால் நடுக்கம், கவனம் குறைவு. கணுக்கால் மடங்குவது பெரும்பாலும் இறங்கும்போதுதான். வேகமாக இறங்குகிறவர்களுக்கு வழிவிட்டு உங்கள் நடையிலேயே வாருங்கள்.

கதவு பூட்டியிருந்தால்

எரிமலை பொங்கும்போது பலர் செய்வது, பயணத்தை ரத்து செய்வது அல்லது வேலியைத் தாண்டுவது. இரண்டும் வேண்டாம். இந்த எரிமலை பொதுவாக வெடித்துச் சிதறுவதில்லை, லாவாவை ஊற்றித்தான் பொங்கும். ஆங்க்லோ ஃபூக்கே பள்ளத்தின் வெளிவிளிம்பிலிருந்து பார்க்கப் பெரும்பாலும் அனுமதி இருக்கும். பிளேன் தே சாப்ளிலிருக்கும் ஃபாக் ஃபாக் நிறுத்துமிடத்திலிருந்து விளிம்பை ஒட்டியே பித்தோன் த பெர் வரை நடந்தால் உள்ளே முழுப் பள்ளமும் தெரியும். போய்வர அரை நாள், பெரிய ஏற்றம் இல்லை. வாய் எந்தப் பக்கம் திறந்திருக்கிறது என்பதைப் பொறுத்து, சில சமயம் இங்கிருந்து நன்றாகத் தெரியும், சில சமயம் கடலோரச் சாலையிலிருந்து. உள்ளூர் வானொலியைக் கேட்டாலோ விடுதிக்காரரைக் கேட்டாலோ அன்றைக்கு எங்கே போகலாம் என்று சொல்லிவிடுவார்கள்.

இரவில் போகிறவர்கள் சாயங்காலமே போய் இடம் பிடியுங்கள், பொங்கும் இரவில் தீவே கிளம்பி வந்துவிடும். காரைக் கிளம்பும் திசையில் திருப்பி நிறுத்துங்கள். தலைவிளக்கைத் தரையைப் பார்த்து வையுங்கள், எதிரே வருபவர் கண் கூசி விளிம்புப் பக்கம் கால் வைத்துவிடக்கூடாது. புதிய லாவாவுக்கு அருகே காற்றில் பொன்னிறக் கண்ணாடி இழைகள் பறந்து வந்து உடையில் ஒட்டும். கையால் தேய்க்காமல் உதறிவிடுங்கள், கண்ணைக் கசக்காதீர்கள். காற்று உங்கள் பக்கம் திரும்பி, பட்டாசு வெடித்த தெருவின் நெடி மூக்கில் ஏறினால் அது கந்தக வாயு. அன்றைக்குப் பார்த்தது போதும் என்று கிளம்பிவிடுங்கள்.